மச்சாள் கழுவி வைத்த மவுத் ஓர்கன்

மவுத் ஓர்கனைத் தண்ணீரில் போடக்கூடாது. துடைக்கலாம், உள்ளங்கையில் தட்டலாம், எச்சில் போக உதறலாம். கழுவக்கூடாது. இதை இப்போதும் யாராவது சிரித்துக்கொண்டு கேட்டால் எனக்குக் கோபம் வரும். என் மேலுதட்டில் இருக்கிற கோடு என்னவென்று கேட்கிறவர்களிடம் நாய் கடித்தது என்று சொல்லிவிடுவேன். நாய் கடிக்கவில்லை. என் அண்ணனின் மனைவி, என் மச்சாள், ஒரு சனிக்கிழமை செய்த வேலை அது.

ஜெர்மனியில் ரூர் பக்கத்துச் சாராயக் கடை மேடைகளில் நான் பல வருடம் ப்ளூஸ் பாடியிருக்கிறேன், மவுத் ஓர்கன் வாசித்திருக்கிறேன். ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டுத்தானே என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அமெரிக்காவின் கறுப்புச் சனம், நாள் முழுக்க முதுகு முறிய வேலை செய்துவிட்டு, முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாட்டாக்கிச் சொன்னார்கள். அது சோகமா? அது பல்லைக் கடித்துக்கொண்டு வைக்கிற திட்டு. எனக்கு அது உடனே பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான். என்னிடமும் திட்டு நிறைய இருந்தது, வைக்கத்தான் இடம் இருக்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்த பிறகு, அண்ணை, மச்சாள், நான் என்று மூன்று பேரும் மொஸ்கோவில் விமானம் மாறி, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். என் கைப்பையில் துணிகளுக்கு நடுவே ஒரு நீளமான மவுத் ஓர்கன் இருந்தது. அண்ணை சின்ன வயதில் அடம்பிடித்து வாங்கியது. அவருக்கு அதில் ஒன்றும் வரவில்லை, எனக்கு வந்துவிட்டது. அந்தக் கடுப்பு அவருக்கு இன்றுவரை இருக்கிறது. விமான நிலையத்தில் ஒரு சீருடைக்காரன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊதிக் காட்டு என்று சைகை செய்தான். குளிரில் உதடு விறைத்து நின்றபடி ஊதினேன். அவன் மேசையில் தாளம் போட்டான். அண்ணை பல்லுக்குள் சொன்னார்: "நல்லா ஊது. இதுக்காகவெண்டாலும் விடட்டும்."

அங்கிருந்து எல்லை தாண்டிப் போன எங்களை மேற்கு பெர்லினில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். பழைய பாடசாலை ஒன்றை அகதிகள் வீடாக்கியிருந்தார்கள். சமைக்க எல்லாருக்கும் ஒரே குசினி. வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிறது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தச் சட்டத்தை எழுதினவனை எங்கள் குசினியில் ஒரு மாரிகாலம் இருத்தி வைத்துக் கேட்க வேண்டும்.

நான் மாடிப்படியில் இருந்து வாசிப்பேன். கல்லுப் படி, உயரமான கூரை, ஊதினால் சத்தம் நாலு மடங்காகத் திரும்பி வரும். மச்சாளுக்கு அது பிடிக்காது.

"குமர்ப்பிள்ளை படியிலை குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தா, மேலையும் கீழையும் போற பெடியள் என்ன நினைப்பாங்கள்?"

"நல்லா ஊதுறாள் எண்டு நினைப்பாங்கள், மச்சாள்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை உமக்கு."

ஒருநாள் தேவாலயத்திலிருந்து பழைய குளிர்ச்சட்டைகள் கொண்டு வந்த ஜெர்மன்காரன் ஒருவன் படியடியில் அப்படியே நின்றுவிட்டான். நீளத் தலைமயிர், கிழிந்த கால்சட்டை. சட்டைகளைத் தரவந்தவனுக்கே ஒரு சட்டை கொடுக்கலாம் போலிருந்தது. அவன் ஒரு ப்ளூஸ் குழு வைத்திருந்தான். தான் கிற்றார், இன்னொருவன் பாஸ், இன்னொருவன் ட்ரம்ஸ். மவுத் ஓர்கன் வாசிக்கிறவன் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட்டானாம். என்னை ஒத்திகைக்கு வரச் சொல்லிக் கேட்டான்.

தனியாக விடுவார்களா? அண்ணையும் வந்தார். ஒத்திகை ஒரு வீட்டின் நிலவறையில் நடந்தது. அண்ணை குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்தார். கையில் ஆப்பிள் சாறு. ஒவ்வொரு கிழமையும் அதே பெட்டி, அதே சட்டை, அதே முகம். குழுவில் இருந்தவர்கள் அவரை என் மெய்க்காப்பாளர் என்றே நினைத்தார்கள். முதல் நாள் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சொன்ன விமர்சனம் இது:

"என்ன கண்டறியாத பாட்டு. ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாங்கள். மறதிக்காரரோ?"

நான் விளக்கிப் பார்த்தேன். ப்ளூஸில் ஒரு வரியைச் சொல்வார்கள். அதையே இன்னொரு தரம் சொல்வார்கள். மூன்றாவது வரியில்தான் விசயம் வெடிக்கும். அண்ணைக்கு அது ஏறவில்லை. எனக்கோ அது புதிதாகவே தெரியவில்லை. அனுமதிக்கு முத்திரை கேட்டு நகரசபைக் கந்தோரில் நிற்கும்போது நாங்களும் அப்படித்தானே? ஒருதரம் சொல்வோம். மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆள் நிமிர்ந்து பாராது. அதையே திரும்பச் சொல்வோம். மூன்றாம் தரம் குரல் தானாகவே உயரும்.

கிற்றார்க்காரன் எனக்குப் பத்துத் துளை உள்ள சின்ன மவுத் ஓர்கன் ஒன்று தந்தான். நடுவில் மரம், இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு. நாங்கள் ஊரில் ஊதித்தான் பழக்கம். ப்ளூஸுக்கு ஊதுவதை விட இழுப்பதுதான் முக்கியம். மூச்சை உள்ளே இழுத்து, நாக்கைக் கொஞ்சம் பின்வாங்கினால் சுரம் வளைந்து கீழே இறங்கும். அதைப் பழக மாதக்கணக்காகும் என்றான். எனக்கு அவ்வளவு காலம் எடுக்கவில்லை. கோபத்தை உள்ளே இழுத்துப் பழகின சனம்தானே நாங்கள்.

பிறகு பாடவும் சொன்னான். அவர்களுடைய ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். ஆனால் பருத்தித் தோட்டத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? கந்தோர் பூட்டியிருந்த ஒருநாள், வீட்டுக்கு வந்து படியில் இருந்து எனக்கென்று ஒரு பாட்டுக் கட்டினேன்.

*காலமை போனன், கதவு பூட்டிக் கிடந்தது.*
*ஓம், காலமை போனன், கதவு பூட்டிக் கிடந்தது.*
*பின்னேரம் போனன், நாளைக்கு வரட்டாம்.*

இப்படி ஆறேழு அடிகள். எழுத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றாவது வரியில் என் குரல் போகிற இடம்தான் அந்தப் பாட்டு. நிலவறையில் அதைப் பாடி முடித்தபோது ட்ரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். கிற்றார்க்காரன் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். அண்ணை ஆப்பிள் சாற்றை வைத்துவிட்டு எழும்பி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

அந்த வருடம் டுசல்டோர்ஃபில் ஒரு மண்டபத்தில் பாட அழைப்பு வந்தது. இசைத்தட்டுப் போடுகிற ஒரு ஆள் கேட்க வருவாராம். பிடித்தால் குழுவின் இசைத்தட்டு வெளியாகும்.

"உன் பாட்டு அதில் இருக்கும். உன் மொழியிலேயே இருக்கும். வாக்குத் தருகிறேன்" என்றான் கிற்றார்க்காரன்.

எனக்கு நித்திரை வரவில்லை. இந்த நாட்டில் என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு கட்டிலும் பாதி அலுமாரியும்தான். ஒரு தட்டில் என் குரல், என் தமிழ், யாராலும் நாளைக்கு வா என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாதபடி பதிந்து கிடக்கப் போகிறது என்றால் சும்மாவா?

அதற்குள் கிற்றார்க்காரன் அடித்த சுவரொட்டி வந்தது. "இந்தியாவின் ப்ளூஸ் இளவரசி" என்று போட்டு, நெற்றியில் பொட்டும் தலையில் முக்காடுமாக ஒரு பெண்ணின் படத்தைக் கீறியிருந்தான். நான் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இளவரசி என்றால் எங்கள் குசினியில் கரப்பான் பூச்சி அடிக்கிறவளைச் சொல்லுகிறானோ தெரியாது. நான் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, சனம் வர வேண்டுமே, நீயும் ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்தால் நல்லது என்றான்.

சேலை என்றதும் மச்சாளுக்குத்தான் சந்தோசம். பெட்டிக்கு அடியிலிருந்து தன் நீலப் பட்டுச் சேலையை எடுத்து, சுருக்கம் போக மினுக்கத் தொடங்கிவிட்டார். "எப்பிடியும் சபைக்குப் போகத்தான் போறீர். லட்சணமாப் போம்."

வியாழக்கிழமை கிற்றார்க்காரன் எங்கள் குசினிக்கு வந்தான். மச்சாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பாட்டின் தொடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, மேசையில் கிடந்த என் சின்ன மவுத் ஓர்கனை எடுத்து வாயில் வைத்து வாசித்தான். பிறகு என்னிடம் நீட்டினான். நானும் அப்படியே வாயில் வைத்து வாசித்துக் காட்டினேன். மச்சாளின் கத்தி நின்றது எனக்குக் கேட்டது. வெங்காயம் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் குளித்துவிட்டு வந்து மவுத் ஓர்கனைத் தேடினால் மேசையில் இல்லை. குசினிக்குப் போனேன். சுடுதண்ணிக் கிண்ணம் ஒன்று. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. அடியில் என் மவுத் ஓர்கன் கிடந்தது.

"ஐயோ மச்சாள், என்ன இது?"

"பதறாதையும். உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவிட்டனான். இப்ப துப்புரவு."

"ஆர் உங்களைக் கழுவச் சொன்னது?"

மச்சாள் கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "அந்நிய ஆம்பிளை வாய் வைச்ச எச்சில் சாமானை, கலியாணம் கட்டாத பிள்ளை நீர், என்ரை கண்ணுக்கு முன்னாலை வாயிலை வைச்சீர். நான் உம்மடை அண்ணைக்குக் கூடச் சொல்லேல்லை. சபையிலை அதோடையே நிக்கப் போறீரோ?"

எச்சில்! ஒரு வீட்டில் ஒரே செம்பில் தண்ணீர் குடித்தாலும் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற சனம் நாங்கள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, என் மவுத் ஓர்கனில் இறக்கி வைத்திருக்கிறார். கிண்ணத்துக்குள் கையை விட்டு எடுத்தேன். நடுமரம் ஊறிப் பருத்துவிட்டது. துளைகளுக்கு இடையிலுள்ள மரப் பற்கள் பித்தளையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஊதினேன். பாதித் துளைகள் ஊமை. மற்றவை இருமின.

"நாசமாக்கிப் போட்டியளே! கோதாரி பிடிச்ச மஞ்சளும் நீங்களும்!"

"உமக்காகத்தானே செய்தனான்" என்று மச்சாள் அழத் தொடங்கினார்.

"எனக்காக ஒருத்தரும் ஒண்டும் செய்ய வேண்டாம்! என்னை விட்டால் காணும்!"

வேறு வாங்கலாம் என்றால் சனிக்கிழமை பின்னேரம். மத்தியானத்தோடு ஊர் முழுக்கக் கடை பூட்டிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த நீள மவுத் ஓர்கனில் சுரம் வளையாது. கிற்றார்க்காரனிடம் வேறு சில மவுத் ஓர்கன்கள் இருந்தன. எல்லாம் வேறு சுருதி. அந்தச் சுருதிகளில் பாடினால் மூன்றாவது வரி என் தொண்டைக்கு எட்டாது. நீலச் சேலை கட்டிலில் மடித்து வைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. தேவாலயத்தில் தந்த கம்பளிச் சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். மச்சாள் படியின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாவட்ட எல்லையை நாங்கள் அனுமதி கேட்காமல்தான் தாண்டினோம். குழுவின் வான் வண்டியின் பின்னால் ட்ரம்ஸுகளுக்கு நடுவில் இருந்து அண்ணை, "பிடிச்சாங்கள் எண்டா துலைஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மண்டபத்தில் என்னைக் கண்டதும் கிற்றார்க்காரனின் முகம் விழுந்துவிட்டது. சேலை எங்கே என்றான். நான் மவுத் ஓர்கனைக் காட்டினேன். அவன் அதை ஊதிப் பார்த்துவிட்டு, சரி, இன்றைக்கு நீ வாசிக்க வேண்டாம், உன் பாட்டையும் விட்டுவிடுவோம், ஆங்கிலத்தில் இரண்டு பாடிவிட்டுச் சிரித்துக்கொண்டு நில் என்றான். சிரித்துக்கொண்டு நில்லாம்! இரண்டு பேர், ஒரே நாள். ஒருவர் என்னைச் சுத்தமாக நிற்கச் சொல்கிறார், மற்றவன் சிரித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறான். நான் வாசிக்கிறதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை.

ஆங்கிலப் பாட்டு இரண்டும் முடிந்தன. அவன் அடுத்ததைத் தொடங்க முன்பு நான் ஒலிவாங்கியை இழுத்து, ஊறின மவுத் ஓர்கனை வாயில் வைத்தேன். கீழ்ப்பக்கத்துத் துளைகள் நாலைந்து வேலை செய்தன. எனக்கு அது போதும். மூச்சை இழுத்தேன். ஊறின மரம் காற்றை இறுக்கிப் பிடித்ததால் சத்தம் முன்னெப்போதும் இல்லாதபடி முரட்டுத்தனமாக வந்தது. துருத்தின பற்கள் மேலுதட்டைக் கீறின. மஞ்சளும் உப்பும் காயத்தில் எரிந்தன. எரியட்டும் என்று இழுத்தேன். ட்ரம்ஸ்காரன் நல்லவன், உடனே பின்னால் வந்துவிட்டான். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

*காலமை போனன், கதவு பூட்டிக் கிடந்தது.*

ஒரு சொல்லும் விளங்காத சனம் வாயைத் திறந்தபடி நின்றது. மூன்றாவது வரியில் உதட்டிலிருந்து நாடிக்கு இரத்தம் வழிந்தது. முடிந்ததும் கூரை அதிரக் கைதட்டினார்கள். பின்வரிசையில் அண்ணை குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இசைத்தட்டுக்காரர் மேடைக்குப் பின்னால் வந்தார். நல்ல குரல் என்றார். நல்ல மெட்டு என்றார். இதையே ஆங்கிலத்தில் பாட வேண்டும், படத்துக்குச் சேலை கட்ட வேண்டும், அடுத்த கிழமை பதியலாம் என்றார். நான் கிற்றார்க்காரனைப் பார்த்தேன். வாக்குத் தந்தவன் தன் சப்பாத்தின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை" என்றேன். அந்தாள் சிரித்துக்கொண்டு, யோசித்துச் சொல் என்றார். "இல்லை" என்று திரும்பவும் சொன்னேன்.

இசைத்தட்டு பிறகு வந்தது. என் மெட்டு அதில் இருந்தது. மேலே யாரோ ஒரு இந்திய இளவரசியைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள். கலியாணம் கட்டிப் போனவன் திரும்பி வந்து மவுத் ஓர்கன் வாசித்திருந்தான். உறையில் என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. களவு என்று அதற்குப் பெயர், வேறு பெயர் எனக்குத் தெரியாது.

அன்று குழுவின் வான் வண்டியில் ஏற நான் மறுத்துவிட்டேன். ரயிலில் திரும்பினோம். அண்ணை சட்டைப்பையிலிருந்து மடித்த லேஞ்சியை எடுத்துத் தந்தார்.

"உதட்டைப் பொத்து."

பிறகு சொன்னார்: "ஒரே வரியை ரெண்டுதரம் ஏன் படிக்கிறது எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு. முதல்தரம் அவங்களுக்குக் காது கேக்கிறேல்லை."

வீட்டுக்கு வந்து நான் மச்சாளோடு பேசவில்லை. ஞாயிறு பேசவில்லை, திங்கள் பேசவில்லை. அவர் கஞ்சி வைத்துத் தந்தார். குடித்தேன், பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் தற்காலிக அனுமதிக்கு முத்திரை குத்த வேண்டிய நாள். விடிய முன்பே போய் நகரசபைக் கந்தோரின் நடையில் நின்றோம். அகதிகள் வீட்டுச் சனம் அரைவாசி அங்கேதான் நின்றது. சுவர் ஓரமாக நீள வரிசை, இருக்க ஒரு கதிரை இல்லை. மத்தியானம் கதவு திறந்தது. ஒரு தலை மட்டும் வெளியே வந்து, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனது. கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. வேறு நாளென்றால் நான் ஏதாவது கத்தியிருப்பேன். உதடு வீங்கி, பிளாஸ்டர் ஒட்டி, வாயைத் திறக்க ஏலாமல் நின்றேன்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் தொடங்கியது.

"காலமை போனன், கதவு பூட்டிக் கிடந்தது…"

மச்சாள். முக்காட்டைப் போல் சால்வையால் தலையை மூடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, அரிசி களையும்போது முணுமுணுக்கிற மாதிரிப் பாடினார். படியில் நான் ஊதுகிறதையும் பாடுகிறதையும் இவ்வளவு நாளும் திட்டித் திட்டியே முழுதாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்.

"ஓம், காலமை போனன்…" என்று வரிசையின் பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். எங்கள் அகதிகள் வீட்டில் இருந்த ஒருவரும் அந்தப் பாட்டிலிருந்து தப்பியிருக்கவில்லை. மூன்றாவது வரிக்கு வந்தபோது நடை முழுவதும் பாடியது. "பின்னேரம் போனன், நாளைக்கு வரட்டாம்!" கல்லுத் தரை, உயரமான கூரை. சத்தம் நாலு மடங்காகத் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. அதே தலை. "அமைதி!" என்று ஜெர்மனில் கத்தியது.

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் நல்ல கோபம். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? இது உம்மடை பாட்டெல்லே?"

நான் பிளாஸ்டரைப் பிய்த்தேன்.

"சுருதி கூடிப்போச்சு, மச்சாள். இறக்கிப் பிடியுங்கோ. இல்லாட்டி மூண்டாவது வரிக்கு எட்டாது."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. நாங்கள் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினோம்.